கணக்கில் வராத கோல்கள்

2014 மே 26 அன்று, பிரேசில் உலகக் கோப்பைக்குத் தயாராகிக்கொண்டிருந்த பெல்ஜியம், தன் மண்ணில், கெங்க் நகரில் லக்சம்பர்க்குடன் ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. ரொமேலு லுகாகு ஹாட்ரிக் அடித்தார். பெல்ஜியம் 5-1 என்று வென்றது. ஆனால் ஃபிஃபாவின் கணக்கில் அந்த ஆட்டம் சர்வதேச ஆட்டமாக ஏறவில்லை. நட்பு ஆட்டத்தில் ஓர் அணி ஆறு பேரை மட்டுமே மாற்றி இறக்கலாம் என்பது அப்போதைய விதி. பெல்ஜியப் பயிற்சியாளர் மார்க் வில்மோட்ஸ் ஏழாவது ஆளையும் இறக்கிவிட்டார். அந்த ஓர் ஆளால் லுகாகுவின் மூன்று கோலும் போயின, லக்சம்பர்க் அடித்த ஒரே கோலும் போயிற்று. விதியை மீறாத லக்சம்பர்க் ஆட்டக்காரர்களுக்கும் அன்றைய மாலை நாட்டுக்காக ஆடிய ஆட்டமாக எண்ணப்படாமல் போனது. இதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன், 2003 பிப்ரவரி 12 அன்று, லண்டன் அப்டன் பார்க்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்துப் பயிற்சியாளர் ஸ்வென் யோரன் எரிக்சன் இடைவேளையில் பதினொரு பேரையும் மொத்தமாக மாற்றினார். இங்கிலாந்து 1-3 என்று தோற்றது. அந்த ஆட்டம் இன்றும் ஏட்டில் இருக்கிறது; வெய்ன் ரூனி தன் நாட்டுக்கு முதன்முதலாக ஆடிய ஆட்டம் என்று வரலாற்றிலும் இருக்கிறது. ஆறு பேர் வரம்பு அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது.

ஒரு சர்வதேசக் கால்பந்து ஆட்டம் எந்த வகையைச் சேர்ந்தது என்ற கேள்வி, புள்ளிவிவரப் பிரியர்களின் பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உலகக் கோப்பைக் குலுக்கலில் எந்த அணி எந்தக் குடுவையில் விழும், ஒரு இளைஞன் வாழ்நாளில் எந்த நாட்டுக்கு ஆடலாம், ஒருவருடைய கோல்கள் சாதனைப் பட்டியலில் ஏறுமா என்பதெல்லாம் அந்த வகைப்பாட்டில் தொங்குகின்றன. இந்த வகைப்பாட்டில் இரண்டு வெவ்வேறு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. ஓர் ஆட்டம் நடந்ததா, அது இரு நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்தானா என்பது ஒன்று. அதற்கு எவ்வளவு எடை கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது வரலாற்றைச் சேர்ந்தது. ஆதாரங்களைப் பார்த்து விடை சொல்ல வேண்டியது. இரண்டாவது போட்டி நிர்வாகத்தைச் சேர்ந்தது. நிர்வாகம் தன் விருப்பப்படி விதி வகுத்துக்கொள்ளலாம். ஃபிஃபா இரண்டாவது கேள்விக்கான அதிகாரத்தை முதல் கேள்விக்கும் நீட்டிக்கொள்கிறது. அநீதி அங்கேதான் பிறக்கிறது.

முதலில் வகைகளைப் பார்த்துவிடுவோம். இரு நாட்டுச் சங்கங்களும் தத்தம் முதல்நிலை அணியை, அதாவது ‘ஏ’ அணியை, இறக்கினால் அது முதல் அடுக்குச் சர்வதேச ஆட்டம். ஒரு பக்கம் ‘ஏ’ அணியும் மறுபக்கம் ஒரு கிளப்போ ‘பி’ அணியோ இருந்தால் அது அந்த அடுக்கில் சேராது. வயது வரம்புள்ள அணிகளின் ஆட்டங்கள் தனி. முதல் அடுக்குக்குள்ளேயே நட்பு ஆட்டம், தகுதிச்சுற்று, கண்டக் கோப்பை, உலகக் கோப்பை என்று படிகள். இந்த வரையறையில் ஆட்டத்தின் தரத்துக்கு எந்த இடமும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2001 ஏப்ரல் 11 அன்று ஆஸ்திரேலியா அமெரிக்க சமோவாவை 31-0 என்று வீழ்த்தியது. ஆர்ச்சி தாம்சன் ஒருவரே 13 கோல் அடித்தார். அது உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம் என்பதால் 13 கோலும் முழு மதிப்போடு ஏட்டில் ஏறின. அது சரியான முடிவும்கூட. பலவீனமான அணிக்கு எதிராக அடித்தது என்று சொல்லிக் கோல்களைக் கழிக்கத் தொடங்கினால், எந்த எதிரணி வரை கழிப்பது என்று சொல்ல யாராலும் முடியாது.

எது சர்வதேச ஆட்டம் என்ற வழக்கு, சர்வதேச ஆட்டம் பிறந்த நாளிலேயே பிறந்துவிட்டது. 1870 முதல் 1872 தொடக்கம் வரை லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஐந்து முறை மோதின. ஏற்பாடு செய்தவர் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கச் செயலாளர் சார்லஸ் அல்காக். இந்த ஐந்தும் கணக்கில் இல்லை. ஸ்காட்லாந்து அணியில் ஆடியவர்கள் பெரும்பாலும் லண்டனிலும் அதைச் சுற்றியும் வாழ்ந்தவர்கள். 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவை ஒட்டிய பார்ட்டிக்கில், ஒரு கிரிக்கெட் கிளப்பின் மைதானத்தில், கோல் விழாமல் முடிந்த ஆட்டமே உலகின் முதல் சர்வதேச ஆட்டமாக ஏற்கப்பட்டது. தென் அமெரிக்காவிலும் இதே கதை. 1901இல் மான்டிவீடியோவில் அர்ஜென்டினா உருகுவேயை 3-2 என்று வென்றது; உருகுவே பக்கம் ஆடியவர்கள் பெரும்பாலும் அல்பியன் என்ற ஒரே கிளப்பைச் சேர்ந்தவர்கள் என்பதால், 1902 ஜூலை 20 அன்று அர்ஜென்டினா 6-0 என்று வென்ற ஆட்டமே முதலாவது என்று கொள்வோர் பலர். 1909இல் ஆக்ஸ்ஃபர்டில் இங்கிலாந்தின் அமெச்சூர் அணி ஜெர்மனியை 9-0 என்று வீழ்த்தியது. ஜெர்மனி அதைத் தன் முழு அளவிலான சர்வதேசத் தோல்வியாக இன்றும் எழுதிவைத்திருக்கிறது. இங்கிலாந்தின் முதல்நிலை அணியின் வெற்றிப் பட்டியலில் அது இல்லை. தன் முதல் அணியை அனுப்பிய நாட்டுக்கு அது நாட்டின் ஆட்டம். இரண்டாம் அணியை அனுப்பிய நாட்டுக்கு அப்படி இல்லை. இதில் எனக்குக் குறை தெரியவில்லை. இரு சங்கங்களும் நேர்மையாகத் தங்கள் பக்கத்து உண்மையை எழுதியிருக்கின்றன.

எடை பற்றிய கேள்விக்கு வருவோம். ஃபிஃபா தரவரிசை 1992 டிசம்பரில் தொடங்கியது. 2006 முதல் 2018 வரை புழங்கிய சூத்திரத்தில் நட்பு ஆட்டத்துக்கு எடை 1, தகுதிச்சுற்றுக்கு 2.5, கண்டக் கோப்பைக்கு 3, உலகக் கோப்பைக்கு 4. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிடைத்த புள்ளிகளைக் கூட்டி, ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுத்தார்கள். எடையை மட்டும் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். சராசரி என்பதுதான் அதைக் கெடுத்தது. எடை குறைந்த ஆட்டத்தில் வென்றாலும் கிடைக்கும் புள்ளி, ஒரு நல்ல அணியின் சராசரியைவிடக் குறைவாக இருக்கும். ஆகவே வென்ற அணி தரவரிசையில் இறங்கும். நட்பு ஆட்டமே ஆடாமல் வீட்டில் இருப்பது லாபம் என்று ஆயிற்று. போலந்து இதைப் புரிந்துகொண்டு, 2018 உலகக் கோப்பைக் குலுக்கலுக்கு முந்தைய காலத்தில் நட்பு ஆட்டங்களை ஏறக்குறைய முழுவதுமாகத் தவிர்த்தது. குலுக்கலில் அது தரவரிசையில் மேலே இருந்த அணிகளுக்கான முதல் குடுவையில் இருந்தது. ஸ்பெயின் இரண்டாம் குடுவைக்குத் தள்ளப்பட்டு, போர்ச்சுகல் இருந்த பிரிவில் போய் விழுந்தது. போட்டியில் போலந்து செனகலிடமும் கொலம்பியாவிடமும் தோற்று, ஜப்பானை மட்டும் வென்று, பிரிவின் கடைசி இடத்தில் முடித்தது.

போட்டியை நடத்தும் நாடுகளுக்கு நேர்ந்தது இதற்கு மறுபக்கம். நடத்தும் நாடு தகுதிச்சுற்று ஆட வேண்டியதில்லை. எனவே ஆண்டுக்கணக்கில் அதற்கு நட்பு ஆட்டங்களே கதி. 2013 ஜூனில் பிரேசில் தரவரிசையில் 22ஆம் இடத்துக்கு இறங்கியது. அதே மாதக் கடைசியில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியில் அப்போதைய உலகச் சாம்பியன் ஸ்பெயினை 3-0 என்று வீழ்த்தியது. 2018இல் ரஷ்யா 70ஆம் இடத்தில், பங்கேற்ற 32 நாடுகளிலும் கடைசித் தரத்தில் நின்று போட்டியைத் தொடங்கி, ஸ்பெயினை வெளியேற்றிக் காலிறுதி வரை போயிற்று. இவை அந்த அணிகளின் பலத்தைக் காட்டிய எண்களாக இருந்திருக்க முடியாது. அவர்கள் ஆட நேர்ந்த ஆட்டங்களின் வகையைத்தான் அந்த எண்கள் காட்டின.

2018 ஆகஸ்டில் வந்த சூத்திரம் இந்தக் குறையைப் பெரும்பாலும் நீக்கியது. சதுரங்கத்தில் பழகிய ஈலோ முறையை ஒட்டியது இது. சராசரி போய்விட்டது, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் பழைய புள்ளியோடு கூட்டவோ கழிக்கவோ செய்கிறார்கள். எவ்வளவு கூட்டுவது, கழிப்பது என்பதை இரண்டு காரணிகள் தீர்மானிக்கின்றன: எதிர்பார்த்த முடிவுக்கும் நடந்த முடிவுக்கும் உள்ள வித்தியாசம், ஆட்டத்தின் எடை. ஃபிஃபா நாள்காட்டியில் ஒதுக்கிய நாள்களுக்கு வெளியே நடக்கும் நட்பு ஆட்டத்துக்கு எடை 5, அந்த நாள்களுக்குள் நடந்தால் 10. நேஷன்ஸ் லீக் பிரிவு ஆட்டங்களுக்கு 15, தகுதிச்சுற்றுகளுக்கு 25. கண்டக் கோப்பையில் காலிறுதிக்கு முன்வரை 35, பிறகு 40. உலகக் கோப்பையில் 50, காலிறுதி முதல் 60. சம பலமுள்ள இரு அணிகள் உலகக் கோப்பைக் காலிறுதியில் மோதினால் வென்றவருக்கு 30 புள்ளி. அதே அணிகள் ஒதுக்கிய நாள்களுக்கு வெளியே நட்பு ஆட்டம் ஆடினால் இரண்டரைப் புள்ளி. பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். தன்னைவிட 300 புள்ளி மேலே இருக்கும் அணியை ஒதுக்கிய நாள்களில் நட்பு ஆட்டத்தில் வென்றால் ஒரு சிறிய அணிக்கு ஏழரைக்குச் சற்று மேல் கிடைக்கும். தோற்றால் இரண்டரைக்குச் சற்றுக் குறைவாகத்தான் இழக்கும். சிறிய நாடு பெரிய நாட்டோடு ஆடத் துணிவதற்கு இப்போது காரணம் இருக்கிறது. இதை மனமாரப் பாராட்டலாம்.

எடையைப் போட்டியின் பெயரை வைத்துத் தீர்மானிப்பது முட்டாள்தனம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அடுத்த சுற்றுக்கு ஏற்கெனவே தேறிவிட்ட இரு அணிகள் மாற்று ஆட்டக்காரர்களை இறக்கி ஆடும் உலகக் கோப்பைப் பிரிவு ஆட்டத்துக்கு 50. பிரேசிலும் அர்ஜென்டினாவும் முழு பலத்தோடு மோதும் நட்பு ஆட்டத்துக்கு 10. பார்த்தவர்களின் அனுபவத்துக்கு இது முரணானது என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் பெயரை வைத்துத் தீர்மானிப்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு: ஆட்டம் தொடங்குமுன்பே எடை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு தீவிரமாக ஆடினார்கள் என்று பின்னால் அளந்து எடை போட்டால், அளப்பவரின் விருப்பு வெறுப்பு உள்ளே வந்துவிடும். முன்கூட்டியே தெரிந்த, எல்லோருக்கும் பொதுவான, சற்றுக் கரடுமுரடான அளவுகோலே மேல். இங்கே நான் ஃபிஃபாவின் பக்கம்தான் நிற்பேன்.

என் குறை வேறோர் இடத்தில். 2018இல் ஐரோப்பா நேஷன்ஸ் லீக்கைத் தொடங்கிய பிறகு, ஐரோப்பிய நாடுகள் நட்பு ஆட்டங்களுக்கு ஒதுக்கிவந்த நாள்கள் பெரும்பாலும் அவர்களுக்குள்ளேயே செலவாகின்றன. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளோடு அவர்கள் மோதும் வாய்ப்பு சுருங்கிவிட்டது. ஈலோ முறையில் ஒருவர் பெறும் புள்ளி மற்றவர் இழந்த புள்ளி. கண்டங்களுக்கு இடையே ஆட்டம் நடந்தால்தான் கண்டங்களுக்கு இடையே புள்ளி நகரும். உள்ளுக்குள்ளேயே சுற்றினால், ஆசியாவில் ஓர் அணி உண்மையிலேயே வளர்ந்தாலும் அந்த வளர்ச்சி அண்டை நாடுகளின் புள்ளியைக் குறைப்பதோடு நின்றுவிடும். ஒரு விதிவிலக்கு இந்தக் கோணலைக் கூட்டுகிறது: இறுதிப் போட்டிகளின் நாக்-அவுட் சுற்றில் தோற்பவருக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. வென்றவருக்குக் கூடுகிறது, தோற்றவருக்குக் குறையவில்லை. ஆகவே அந்தச் சுற்றுகளுக்கு அடிக்கடி போகும் நாடுகளின் வட்டத்தில் புதிய புள்ளிகள் ஊறிக்கொண்டே இருக்கின்றன. இந்தச் சிக்கலின் முதல் பாதியை உணர்ந்துதானோ என்னவோ, ஃபிஃபா 2024 மார்ச்சில் ஃபிஃபா சீரிஸ் என்று பல கண்டங்களின் அணிகளைச் சேர்த்து நட்பு ஆட்டங்களை நடத்திப் பார்த்தது. அதில் ஒரு பிரிவு கொழும்பில் நடந்தது. இலங்கை, பூட்டான், பப்புவா நியூ கினி, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு என நான்கு நாடுகள். இவை மாதிரியான நாடுகளுக்கு வேறு கண்டத்து அணியை அழைத்து ஆடுவதற்கான பணமோ தொடர்போ எளிதில் கிடைப்பதில்லை. இந்த முயற்சி வளர வேண்டும்.

எண்களை விட்டு மனிதர்களுக்கு வருவோம். டியேகோ கோஸ்டா 2013 மார்ச்சில் பிரேசிலுக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார், இத்தாலிக்கும் ரஷ்யாவுக்கும் எதிராக. இரண்டும் நட்பு ஆட்டங்கள் என்பதால் பிற்பாடு ஸ்பெயினுக்கு மாறி, அதே பிரேசில் மண்ணில் நடந்த உலகக் கோப்பையில் ஸ்பெயின் சட்டையோடு ஆட முடிந்தது. முனீர் எல் ஹதாதி 2014 செப்டம்பரில் ஸ்பெயினுக்காக மாசிடோனியாவுக்கு எதிராக இறங்கி, கடைசிப் பதின்மூன்று நிமிடம் ஆடினார். அவருக்கு வயது 19. அது யூரோ தகுதிச்சுற்று ஆட்டம். அந்தப் பதின்மூன்று நிமிடம் அவரை ஸ்பெயினோடு கட்டிப்போட்டது. ஸ்பெயின் பிறகு அவரை அழைக்கவேயில்லை. மொராக்கோவுக்கு ஆட விரும்பி விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2018 உலகக் கோப்பைக்கு முன் மன்றம் மறுத்துவிட்டது. 2020இல் ஃபிஃபா விதியைத் தளர்த்திய பிறகு, 2021இல்தான் மொராக்கோவுக்கு ஆடினார். கோஸ்டா இரண்டு ஆட்டம் ஆடியும் சுதந்திரமாக இருந்தார், முனீர் பதின்மூன்று நிமிடத்தில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் இழந்தார். இருவருக்கும் இடையே இருந்தது ஆட்டத்தின் வகை ஒன்றுதான். பிரிட்டனின் கிளப்புகள் வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு வேலை அனுமதி கேட்கும்போதும் அவர் எத்தனை சர்வதேச ஆட்டம் ஆடினார், அவர் நாடு தரவரிசையில் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரு ஆப்பிரிக்க இளைஞனின் சம்பாத்தியம் வரை இந்த ஏட்டின் கை நீள்கிறது.

இவ்வளவும் ஓர் ஏட்டைச் சார்ந்திருக்கும்போது அதைக் கண்டிப்போடுதான் வைத்திருக்க வேண்டும் என்று ஃபிஃபாவின் பக்கத்தில் இருந்து சொல்லலாம். வலுவான வாதம்தான்; அதற்கு வலுவான சாட்சிகளும் உண்டு. 2010 செப்டம்பர் 7 அன்று பஹ்ரைன் டோகோவை 3-0 என்று வென்றது. டோகோ தன் அணி எதையும் அனுப்பவில்லை என்று அந்நாட்டு அமைச்சரே அறிவித்தார். டோகோ சட்டையில் ஆடியது போலி அணி. 2011 பிப்ரவரியில் துருக்கியின் அன்டாலியாவில் ஒரே நாளில் இரண்டு நட்பு ஆட்டங்கள்: லாட்வியா 2-1 பொலிவியா, எஸ்டோனியா 2-2 பல்கேரியா. விழுந்த ஏழு கோலும் பெனால்டி. சூதாட்டக் கும்பலின் வேலை என்ற சந்தேகம் உறுதிப்பட்டு, நடுவர்களாக இருந்த ஆறு பேருக்கு ஃபிஃபா ஆயுள் தடை விதித்தது. யார் வேண்டுமானாலும் ஒரு மைதானத்தை வாடகைக்குப் பிடித்து, இரண்டு நாடுகளின் பெயரில் ஆட்டம் நடத்திவிட முடிந்த காலம் அது. முன் அனுமதி வேண்டும், யார் ஏற்பாடு செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்ற விதிகள் அவசியமே.

ஆனால் இந்தச் சாட்சிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் அவை வேறொன்றைச் சொல்கின்றன. பஹ்ரைனில் நடந்தது சர்வதேச ஆட்டமே அல்ல, ஏனென்றால் ஒரு நாட்டின் சங்கம் அணியை அனுப்பவே இல்லை. அன்டாலியாவில் நான்கு சங்கங்களும் தங்கள் உண்மையான அணிகளை அனுப்பின. வந்து ஆடிய பையன்கள் உண்மையாகத்தான் ஓடினார்கள். அங்கே ஊழல் நடுவர்களிடம் இருந்தது, தண்டனையும் அவர்களுக்கே போயிற்று. கெங்க் நகரில்? இரண்டு சங்கங்களும் முதல்நிலை அணிகளை அனுப்பின, ஆட்டம் முழு நேரம் நடந்தது. அங்கே நடந்தது ஒரு பயிற்சியாளரின் விதி மீறல். வரம்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எரிக்சன் செய்ததுபோல இடைவேளைக்குப் பின் வேறொரு அணியை இறக்கினால், டிக்கெட் வாங்கியவர் ஏமாறுகிறார், தரவரிசைப் புள்ளிகளும் பொருளற்றுப் போகின்றன. மீறிய சங்கத்துக்கு அபராதம் போடலாம். அந்த ஆட்டத்துக்குத் தரவரிசையில் எடை பூஜ்யம் என்று வைக்கலாம். அதுவே போதுமான தண்டனை. ஏழாவது ஆள் இறங்கியதற்காக, அதற்கு முன் வலைக்குள் போன பந்து போகவில்லை என்று எழுதுவது எந்த ஒழுங்கையும் காப்பாற்றாது.

ஏட்டிலிருந்து ஒன்றை எடுத்தால் எத்தனை இடங்களில் தையல் பிரியும் என்பதற்கு ஈரானின் அலி தாயி நல்ல சாட்சி. அவருடைய சர்வதேச கோல்கள் 109 என்று உலகமே எழுதிவந்தது. 2021 ஜூன் 23 அன்று புடாபெஸ்டில் பிரான்சுக்கு எதிராக இரண்டு பெனால்டி அடித்து கிறிஸ்டியானோ ரொனால்டோ 109ஐத் தொட்டார். செப்டம்பர் 1 அன்று அயர்லாந்துக்கு எதிராக இரண்டு கோல் அடித்துத் தாண்டினார். உலகச் சாதனை முறிந்த இரவு என்று கொண்டாடினார்கள். பின்னர் தாயியின் கணக்கு 108 என்று திருத்தப்பட்டது. அப்படியானால் சாதனை உண்மையில் முறிந்தது புடாபெஸ்டில். கொண்டாட்டம் பத்து வாரம் தாமதமாக, வேறொரு ஊரில் நடந்திருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் யோஆகிம் ஷ்ட்ரைஷ் 102 ஆட்டங்கள் ஆடியவராக அறியப்பட்டார். 1972 ஒலிம்பிக்ஸின் நான்கு ஆட்டங்களை ஃபிஃபா ஏற்காததால் அது 98 ஆனது, நூறு ஆட்டம் ஆடியவர் என்ற பெருமை போனது. நம் பக்கத்தில், ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் கால்பந்து 2002 முதல் 23 வயதுக்கு உட்பட்டோருக்கானது என்று மாறியதால், 1962இல் ஜகார்த்தாவில் இந்தியா தங்கம் வென்ற ஆட்டங்கள் முழுச் சர்வதேச ஆட்டங்கள்; 2023இல் ஹாங்ஜோவில் வங்கதேசத்தை வெல்லச் சுனில் சேத்ரி அடித்த பெனால்டி அவருடைய கோல் கணக்கில் சேராது. இதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். விதி முன்கூட்டியே தெரிந்திருந்தது, எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. ஷ்ட்ரைஷுக்கு நேர்ந்தது வேறு: ஆடி முடித்துப் பல காலம் கழித்து வந்த கழித்தல் அது.

ஆனால் நான் வகுத்த அளவுகோலுக்கே சவாலான ஒரு வழக்கு உண்டு, அதைத் தவிர்க்கக் கூடாது. 1971இல் மெக்சிகோவில் பெண்கள் உலகக் கோப்பை ஒன்று நடந்தது. அஸ்டெகா மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது. டென்மார்க் மெக்சிகோவை 3-0 என்று வென்றது. பதினைந்து வயது சூசன் அவுகுஸ்டசன் மூன்று கோலும் அடித்தார். ஃபிஃபா இந்தப் போட்டியை அங்கீகரிக்கவில்லை. அதன் கணக்கில் முதல் பெண்கள் உலகக் கோப்பை 1991இல் சீனாவில் நடந்ததுதான். சங்கம் தன் அணியை அனுப்பியிருக்க வேண்டும் என்று மேலே சொன்னேன். அந்தக் கணக்கின்படி 1971 தோற்றுவிடும். இங்கிலாந்திலிருந்து போன பெண்களை ஹாரி பேட் என்பவர் தாமே திரட்டி அழைத்துப் போனார், அந்நாட்டுக் கால்பந்து நிர்வாகம் அவர்களை ஆதரிக்கவில்லை, திரும்பியபின் தண்டிக்கவும் செய்தது. ஆனால் சங்கத்தின் ஒப்புதலை நாம் ஆதாரமாகக் கேட்பது எதற்காக? ஆடியவர்கள் அந்த நாட்டின் உண்மையான பிரதிநிதிகள்தானா என்று அறிவதற்காக. சங்கத்தின் கதவு திறந்திருந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பொருள். 1921 முதல் அரை நூற்றாண்டு காலம் சங்க மைதானங்களில் பெண்கள் ஆடவே கூடாது என்று தடை போட்டிருந்த நாட்டில், சங்கம் ஏன் அனுப்பவில்லை என்று அந்தப் பெண்களைக் கேட்பது, கதவைப் பூட்டியவனின் சாட்சியத்தை வைத்து வெளியே நின்றவளுக்குத் தீர்ப்பு எழுதுவதாகும்.

ஒரு முறை கதவைத் திறந்தால் எல்லோரும் வந்து நிற்பார்களே என்று கேட்கலாம். ஃபிஃபா உறுப்பினராக இல்லாத இனங்களுக்கும் நிலப்பகுதிகளுக்கும் கோனிஃபா என்ற அமைப்பு போட்டிகள் நடத்துகிறது. 2014இல் சுவீடனிலும் 2018இல் லண்டனிலும் நடந்தவற்றில் தமிழீழ அணியும் ஆடியது. அந்த ஆட்டங்கள் ஆடியவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் எவ்வளவு பொருளுடையவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அவற்றை ஃபிஃபா ஏட்டில் சேர்க்க வேண்டும் என்று கேட்பதற்கு முன், அந்த அணிகளை உறுப்பினராக ஏற்பது என்ற அரசியல் கேள்வி தீர வேண்டும். கொசோவோவுக்கு அது 2016இல்தான் தீர்ந்தது. டென்மார்க்கும் மெக்சிகோவும் இங்கிலாந்தும் அப்படி இல்லை. அவை 1971இல் ஃபிஃபா உறுப்பு நாடுகள். உறுப்பு நாடுகளின் பெண்கள் ஆடிய ஆட்டங்களைச் சேர்ப்பதால் எந்த எல்லைக்கோடும் அழியாது. மேலும், ஃபிஃபாவே இந்தக் கதவை ஒரு முறை திறந்திருக்கிறது. 1971 ஏப்ரல் 17 அன்று பிரான்சின் ஆஸ்பிரூக்கில் பிரான்ஸ் நெதர்லாந்தை 4-0 என்று வென்ற ஆட்டத்தையே பெண்களின் முதல் அதிகாரபூர்வச் சர்வதேச ஆட்டமாக அது ஏற்றிருக்கிறது. அந்த ஆட்டம் எதற்காக நடந்தது? மெக்சிகோ போட்டிக்குத் தகுதி பெறுவதற்காக. தகுதிச்சுற்று ஆட்டம் ஏட்டில் இருக்கிறது, எந்தப் போட்டிக்குத் தகுதி பெற ஆடினார்களோ அந்தப் போட்டி இல்லை.

நாள் கடந்துவிட்டது, ஆவணங்கள் கிடைக்காது என்பதும் ஏற்கத்தக்க பதில் இல்லை. மலேசியாவின் மொக்தார் தாஹாரி 1991இல் இறந்தார். அவர் காலத்தில் மெர்டேக்கா போட்டியிலும் பிறவற்றிலும் நாட்டு அணிகளோடு கிளப்புகளும் இரண்டாம் அணிகளும் கலந்து வந்து ஆடின. அதனால் அவருடைய கோல் கணக்கு ஊருக்கு ஊர் வேறுபட்டு, நூறுக்கு மேலும் சொல்லப்பட்டது. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு கணக்கு ஆட்டம் ஆட்டமாகச் சரிபார்க்கப்பட்டு, 142 ஆட்டங்களில் 89 கோல்கள் என்று ஃபிஃபா பட்டியலில் ஏறியது. கோலாலம்பூரில் அரை நூற்றாண்டுக்கு முன் நடந்த ஆட்டங்களுக்குச் செய்த அதே வேலையை, உலகப் பத்திரிகைகள் எழுதிய, படம்பிடிக்கப்பட்ட அஸ்டெகா ஆட்டங்களுக்கும் செய்யலாம். கூடவே, நடந்த ஒவ்வொரு சர்வதேச ஆட்டத்தையும் சேர்க்கப்பட்டதா, விலக்கப்பட்டதா, விலக்கினால் எந்த விதியின் கீழ், எந்தத் தேதியில், யார் முடிவு என்ற விவரத்தோடு ஃபிஃபா பொதுவில் வைக்க வேண்டும். 2014 மே 26 ஆட்டத்துக்கு எதிரே எடை பூஜ்யம், காரணம் ஏழாவது மாற்று என்று எழுதட்டும். கோல் அடித்தவர்களின் பெயர்களையும் அதே வரியில் எழுதட்டும்.